வெனிஸா, வியன்னாவா?

மூன்று வாரச் சண்டை இன்று முடிந்தது. ஜெயித்தது நான்.

நான்கு நாள் லீவுக்கு வெனிஸ் என்றார் என் வீட்டுக்காரர். நான் வியன்னா என்றேன். டிராவல் ஏஜென்ட்டும் அவர் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், வெனிஸ்ல ரோடே கிடையாது, எல்லாம் போட்தான். பில்குல் டிஃபரண்ட்!"

"பய்யா, இவருக்கு வேலையே ஃபெர்ரியில. திக்லிபூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போறதும் ஷிப்லதான். லீவுலயும் கப்பல் ஜெட்டியில நிக்கணுமா? வியன்னாவுல டிராம் ஓடுது. நம்ம தீவுல எங்கயாச்சும் தண்டவாளம் பாத்திருக்கீங்களா?"

பக்கத்தில் வெனிஸ் ஹனிமூனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த பெங்காலி ஜோடி மெதுவாக, "பய்யா, ஹம்கோ பி வியன்னா திகாவ்" என்று தங்களுக்கும் வியன்னாவையே காட்டச் சொன்னது.

மரைன் ஹில் மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தோம். வாசலில் வீட்டுக்காரர், "டிராம்ல ஜன்னல் சீட் எனக்கு" என்றார்.

கொடுக்கலாமா? தீவுக்காரர்கள் மட்டும் சொல்லவும். தினமும் ரயில் பார்க்கும் மெயின்லேண்ட்காரர்களுக்கு ஓட்டு கிடையாது.