அம்மா குத்திய முத்திரை

அம்மாவின் அண்ணனைத் தாராவியில் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் மாமா. குடிசையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்கள் மாதுங்காவில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கோர்ட்டில் வாதாடி வாதாடி அலுத்துப்போய், நோட்டீஸ் அடிக்கிற இடத்திலேயே நம்மாள் ஒருவன் உட்கார வேண்டும் என்று அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாய் கார்ப்பரேஷன் தேர்தலில் நின்றார். அவருக்குக் குடைச் சின்னம். எதிராளிக்கு ஏணி.

எனக்கு ஏழு வயது. மாமாவோடு சந்து சந்தாகப் போய் ஓட்டுக் கேட்டேன். வெயிலுக்குக் குடை பிடித்தவர்கள் எல்லோரும் எங்கள் கட்சி என்று நம்பினேன்.

மாமா வீட்டில் தங்குவதே அரிதாகிவிட்டது. அத்தைக்குத் தீராத வயிற்றுவலி. அம்மாதான் அவளைப் பரேலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். நானும் போனேன். டாக்டர் பேசும்போது என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பும் வழியில் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலெக்‌ஷன் முடியட்டும். அதுவரைக்கும் ஒங்க அண்ணன்கிட்ட மூச்சு விடப்பிடாது. எம்மேல சத்தியம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓட்டுப் போடும் நாளில் முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் அழைத்துப்போனாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஏணியின்மேல் முத்திரையைக் குத்தினாள்.

"எம்மா, குடை கீழல்லா இருக்கு!"

"சத்தம் போடாதட்டி." என் வாயைப் பொத்திவிட்டுச் சீட்டை மடித்தாள்.

மாமா தோற்றார். ஒரு ஓட்டில் இல்லை, எத்தனையோ ஓட்டில். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, "சொந்தச் சனமே கைவிட்டுட்டு" என்றார். அவரைத் தேற்றுவது என் கடமை என்று எனக்குப் பட்டது.

"அம்மாவும் தெரியாம ஏணில குத்திட்டா, மாமா. நான் சொன்னேன், கேக்கல."

காப்பியோடு வந்து நின்ற அம்மாவை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமா?"

"தெரிஞ்சுதான் குத்துனேன். நீங்க ஜெயிச்சா வீட்டுப் பக்கமே வரமாட்டிய, அண்ணே. மைனிகிட்ட போங்க."

அவர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

அத்தையே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவர் கோர்ட்டுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. அத்தைக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பதும் தலை வாரிவிடுவதுமாக இருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அத்தை இறந்துபோனாள்.

உடலை எடுத்துப் போகும் முன் மாமா அம்மாவிடம் வந்தார். அத்தனை மாதங்களில் அவளோடு பேசியது அப்போதுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா நானே வாபஸ் வாங்கியிருப்பேனே, தாயி."

அம்மா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கோ மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. அத்தை செத்துக் கிடக்கிறாள், இன்னமும் இவருக்கு எலெக்‌ஷன் பேச்சுதானா என்று.