மூணு மடக்குப் பால்

ஆரணியில் விசேஷச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றால் நாலு பேரில் ரெண்டு பேர் அபிதகுசாம்பாள் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு மூணு வருஷமாக வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது என்றால் ஊர் நம்புமா? நம்பாது. நம்பிவிடக்கூடாது என்பதில்தான் அபிதாவின் பிழைப்பே இருந்தது.

ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுத்து எழுந்தாள். எழுந்ததும் காபி வெந்நீராக இருந்தது. கொத்தமல்லியை மூக்கில் வைத்தால் அது வெறும் இலை. டாக்டர், "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எவ்வளவு லேட்டு என்று அவரும் சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள், ஒன்று மட்டும் போகவில்லை. பச்சை மிளகாயைக் கடித்தால் மிளகாயின் மணமும் இல்லை, ருசியும் இல்லை, நாக்கு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது. செத்த நாக்கில் காரம் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? அப்படியானால் காரம் ருசியே இல்லையா? சூடு பட்டால் எரிகிற மாதிரி அது வேறு ஏதோ சமாச்சாரமா? இன்னொருத்தியாக இருந்தால் தலையில் கை வைத்து அழுதிருப்பாள். இவள் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தாள். சுபாவம் அப்படி.

மறுநாளிலிருந்து அடுப்படியில் ஒரே கூத்து. மிளகாயைக் கடிப்பாள், தண்ணீர் குடிப்பாள். எரிச்சல் வாய் முழுக்கப் பரவியதே தவிர அடங்கவில்லை. சர்க்கரைக்குக் கொஞ்சம் கேட்டது. வெறும் சோற்றுக்குப் பரவாயில்லை. மோர் நன்றாகவே வேலை செய்தது. பால் குடித்தாள் பாருங்கள், எரிகிற விறகை இழுத்துப் போட்ட மாதிரி நின்றது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? அந்த மாதிரிதான், பாலில் இருக்கிற ஏதோ ஒன்று காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உப்பும் புளியும் அவள் கைக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷக் கை அது, ஐம்பது பேருக்கு எத்தனை பிடி என்று தூக்கத்தில் கேட்டாலும் போடும். மிளகாய்தான் சண்டி. மூட்டைக்கு மூட்டை மாறும், வாயில் வைத்துப் பார்த்தே தீரவேண்டும். வெறும் எரிச்சலை வைத்துக்கொண்டு அரைக் காரமா முழுக் காரமா என்று சொல்வது லேசா? அதற்கு அவள் ஒரு வழி பண்ணினாள். ஒரு கரண்டி குழம்பு வாயில், அப்புறம் காய்ச்சி ஆறின பால். ஒரு மடக்கில் எரிச்சல் அடங்கினால் சாம்பார் சரி. ரெண்டு மடக்கு ரசத்துக்கு. மூணு மடக்கு கேட்டால் ஊருக்கு ஏற்ற காரக்குழம்பு. நாலு போனால் தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டியதுதான். பக்கத்திலேயே ஒரு சொம்பு பால் இருக்கும். யாராவது கேட்டால் அல்சர் என்பாள்.

"அல்சரை வெச்சிகினு காரக்குழம்பை ஏன்க்கா இந்த நக்கு நக்கற?" என்று லாவண்யா கிண்டல் பண்ணுவாள். எட்டு வருஷமாக அபிதாவுக்குக் காய் நறுக்கி, அண்டா இறக்கி, கூடவே நிற்கிறவள். அவளிடமும் அபிதா சொல்லவில்லை.

பால் கமலக்கண்ணனுடையது. அவர் தண்ணீர் கலப்பது ஊருக்கே தெரியும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அதிலும் ஒரு நாணயம் உண்டு. மழையானாலும் வெயிலானாலும் அதே பசுவின் பால், அதே அளவு தண்ணீர். அந்த நாணயத்தை நம்பித்தான் அபிதாவின் மூணு மடக்கு நின்றது.

தை மாசம் பட்டு வியாபாரி பச்சையப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு சேத்துப்பட்டு. நூற்றைம்பது பேருக்குப் பகல் சாப்பாடு. "இது நல்லபடியா முடியட்டும்மா, கல்யாணச் சமையலும் உங்களுக்குத்தான். ஆயிரம் இலை" என்றார் பச்சையப்பன். அபிதா அதுவரை நானூறைத் தாண்டியதில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அன்று காலையில் காரக்குழம்பு கொதித்ததும் வழக்கம்போல வாயில் வைத்தாள், பாயசத்துக்குக் கமலக்கண்ணன் கொண்டு வந்திருந்த பாலைக் குடித்தாள். ரெண்டாவது மடக்கிலேயே எரிச்சல் அடங்கிவிட்டது. மிளகாய் சப்பையாக வந்திருக்கிறது என்று ரெண்டு கை தூள் போட்டாள். மறுபடி பார்த்தாள், இன்னும் மூணு வரவில்லை. இன்னொரு கை போட்டாள். இப்போது சரியாக மூணு. திருப்தியாக அண்டாவை இறக்கச் சொன்னாள்.

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. சாம்பார் போனது, பேச்சும் சிரிப்புமாக இருந்தது. காரக்குழம்பு போனது, பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் மாமாவுக்கு விக்கல் எடுத்தது. ஆளாளுக்குத் தண்ணீர் டம்ளரைத் தேடினார்கள். அபிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் இலையும் போச்சு என்று நினைத்தாள். அதைவிட, தண்ணீரைக் குடித்து எரிச்சலைப் பரப்பிக்கொள்கிறார்களே என்று பதறினாள்.

"லாவண்யா, பாயசத்துக்கு ஆற வெச்ச பாலை எடு, ஜல்தி."

ரெண்டு பேரும் பேப்பர் கப்பில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். "தண்ணி வேணாங்க. இதை வாய்ல கொஞ்ச நேரம் வெச்சிகினு முழுங்குங்க." மாமா மூணு மடக்கு குடித்தார். "நின்னுச்சும்மா" என்றார்.

இவ்வளவு காரம் மூணே மடக்கில் எப்படி நிற்கும்? அந்தக் களேபரத்திலும் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. பாலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கெட்டியாக ஒட்டியது. நேராகப் பின்பக்கம் போனாள். கமலக்கண்ணன் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு இன்னா பாலு?"

"எருமைப் பாலும்மா. தேவிகாபுரத்துல சொல்லி வெச்சி வாங்கியாந்தேன். சொட்டுத் தண்ணி கலக்கல. நல்ல காரியமாச்சே, அதுல போயி கலப்பாங்களா?"

வருஷம் முழுக்கக் கலந்த மனுஷன் ஒரே ஒரு நாள் யோக்கியமாக இருந்தார், அது இந்த நாளாக வந்து வாய்த்தது. யாரைத் திட்டுவது?

பச்சையப்பன் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "ருசி பாக்காமயாம்மா எறக்குனீங்க? சம்பந்தி வூட்டு முன்னாடி தலை நிமிர முடியலை."

லாவண்யா கை தவறிக் கொட்டிவிட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். அது அபிதாவின் வாய் வரைக்கும் வந்தது. காலிக் கப்புகளை அடுக்கிக்கொண்டு லாவண்யா பக்கத்திலேயே நின்றாள். அபிதாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"பாத்தேங்க. எனக்குத்தான் தெரியலை. மூணு வருஷமா ருசி, வாசனை எதுவும் தெரியாதுங்க" என்றாள். மடக்குக் கணக்கையும் சொன்னாள்.

பச்சையப்பன் விரல் விட்டு எண்ணினார். "போன வருஷம் என் தம்பி வூட்டுக் காதுகுத்து?"

"நான்தாங்க."

"அந்தக் குழம்பை இன்னும் பேசிகினு இருக்காங்களேம்மா." அவருக்குக் கோபப்படுவதா, ஆச்சரியப்படுவதா என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க. எங்க எதிர்ல ஒரு குழம்பு வைங்க. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

வீட்டுக்குப் போகிற வழியில் ஷேர் ஆட்டோவில் லாவண்யா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது திரும்பிக் கேட்டாள். "எட்டு வருஷமா பக்கத்துல நிக்கறேன். ஒரு வாய் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு இல்லியாக்கா?" "ஞாயித்துக்கிழமை நீயும் வா" என்றாள் அபிதா.

ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் வீட்டில் குழம்பு கொதித்தது. அபிதா போட்டாள், லாவண்யா வாயில் வைத்தாள். "உப்பு சரி. தூள் இன்னும் அரைக் கரண்டி" என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். பச்சையப்பன் சாப்பிட்டார், ரெண்டாம் தடவை சோறு போடச் சொல்லிப் பிசைந்தார்.

"ஆயிரம் இலைம்மா" என்றார். "ஆனா இந்தப் பொண்ணு இல்லாம வரக்கூடாது."

அவர் கை கழுவப் போனதும் அபிதா லாவண்யாவைப் பார்த்தாள். "அது எப்படி இருக்குது, சொல்லு."

"சூப்பரா இருக்குதுக்கா."

"அது இல்லடி. என்னா மாதிரி இருக்குது?"

லாவண்யா இன்னொரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "மொதல்ல பூண்டு வருது, வதங்கி லேசா இனிப்பா. அப்புறம் புளி. நல்லெண்ணெய் வாசனை மூக்குல ஏறுது. கடைசியா வெந்தயம் வந்து கொஞ்சம் கசந்துட்டுப் போவுது."

அபிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. மூணு வருஷமாக ஊருக்கே ஆக்கிப் போட்டவளுக்கு, அவள் என்ன ஆக்குகிறாள் என்று யாரும் சொன்னதில்லை. அவள் கேட்டால்தானே சொல்வார்கள்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெந்தயம் கசக்குதா?"

"கொஞ்சூண்டு."

"அப்ப கருக விட்டுட்டேன். அடுத்த தடவை நீ வாசனை பாத்துச் சொல்லு, அப்பவே புளியை ஊத்திடறேன்."