வாடகைக் கவுன்

பி.ஏ. தேர்வு முடிவு வரும் முன்பே பட்டதாரி வேஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் கறுப்புக் கவுனும் சுருட்டிய காகிதமும் வாடகைக்குக் கிடைக்கும். பாஸானவர்கள் அங்கே படம் பிடித்து வீட்டில் மாட்டுவது வழக்கம். ஜூனில் கூட்டம் சேர்ந்துவிடுமே என்று நான் மே மாதமே போய்விட்டேன்.

"ரிசல்ட் வந்துருச்சா சார்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வந்துடும்."

"வந்தப்பறம் வாங்களேன். கவுனு எங்க ஓடிடப் போவுது?"

படம் கூடத்தில் ஏறியது. அதன் கீழே உட்கார்ந்து என் தங்கை பி.யூ.சி. விண்ணப்பத்தை நிரப்பினாள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் என்னைவிட இரு மடங்கு மார்க் வாங்கியவள். அப்பாவின் சம்பளத்தில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் காலேஜுக்குப் போக முடியும். "அண்ணன் முடிக்கட்டும், அப்புறம் நீ" என்று அவளை ஒரு வருஷமாக வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார்.

பேப்பரில் என் எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது. பிந்தைய எண்ணும் இருந்தது. புள்ளியியல் என்னைக் கவிழ்த்திருந்தது.

மறுபடி எழுத டுடோரியல், மாம்பலத்துக்கு ரயில் சீசன் என்று அவளுக்காக எடுத்து வைத்ததெல்லாம் எனக்கே போயிற்று.

"ஆறு மாசம்தானேம்மா," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் டைப்ரைட்டர் கட்டங்களை ஸ்கேல் வைத்து வரைந்து, எழுத்துகளைப் போட்டு, அதில் விரல் பழகினாள். நான் புள்ளியியலை உருப்போடும்போது எதிரே அந்த விரல்கள் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் மூன்றாவது தடவையில் தேறினேன். அதற்குள் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். தங்கை குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அவள் படிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டையைப் புதுப்பிப்பதையே ஓர் உத்தியோகமாகச் சில வருஷம் பார்த்தேன்.

கடைசியில் அவள் மேனேஜரிடம் பேசி, அதே கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தாள். ஆர்டரை டைப் அடித்தவளும் அவளே. என் பெயருக்குப் பின்னால் வெறும் முற்றுப்புள்ளிதான் இருந்தது.

"பி.ஏ.வை விட்டுட்டியே?" என்றேன்.

"டிகிரி படிச்சவங்க நிலைக்க மாட்டாங்கன்னு எடுக்கிறதில்லண்ணா. நீ எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன்."