முனியாண்டிக்கு அடித்த மூன்று ஹார்ன்

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் பாகான் செராயிலிருந்து கிளம்பினோம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் என் மனைவி சரோஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து மணிக்குள் பதிந்துவிட வேண்டும். தவறினால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர்கள் விளக்கடித்து விரட்டினால் நான் ஓரங்கட்டி நின்றுவிடுவேன். அதனால் பழைய சாலையிலேயே போனேன். நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஏழு மணிக்குத் தைப்பிங்கில் ரொட்டி சானாய், தேத்தண்ணி. இருவருக்கும் சேர்த்து ஏழு வெள்ளி கொடுத்தேன்.

எட்டரை மணி. சுங்கை சிப்புட்டுக்கு முன்னால் சாலை வேலை, வண்டிகள் நகரவில்லை. ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் குறுக்குச் சாலையில் திரும்பினேன். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. பொறுமையாகப் பின்னால் போனேன்.

தோட்டத்து ஜனங்கள் போய்விட்டாலும் முனியாண்டி கோயில் வளைவில் அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டும் நம் ஆட்கள் ஹார்ன் அடித்துச் சாமியிடம் சொல்லிக்கொண்டுதான் போவார்கள். நானும் மூன்று முறை அடித்தேன்.

வெள்ளைக் கார் சாலை நடுவிலேயே நின்றது. என் வயதுள்ள மலாய்க்காரர் ஒருவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தார்.

“என்ன அவசரம்? பறக்கணுமா?” என்று மலாயில் கேட்டார்.

எனக்குக் கண்ணாடியை இறக்கவே பயம். சரோஜா இறங்கிவிட்டாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்பவள், மலாய் நன்றாகப் பேசுவாள்.

“உங்களுக்கு அடிக்கல பாங்,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். “ அதோ, சாமிக்கு அடிச்சாரு.”

அவர் கோயிலைப் பார்த்தார். “எத்தனை தடவை?”

“மூணு.”

அவர் என் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகியிருக்கு. குலுங்காம ஓட்டணும். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் போறேன். வாரா வாரம் இந்த வளைவுல யாராவது பின்னால மூணு தடவை அடிக்கிறாங்க. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு என்மேல என்ன கோபமோன்னு நெனச்சேன்.”

காருக்குள்ளிருந்த அவர் அம்மா என்ன சண்டை என்று கேட்டார். மகன் விளக்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சரோஜா எங்கள் அவசரத்தைச் சொன்னாள். அவர் காரைப் புல்லில் இறக்கி வழிவிட்டார். நன்றி சொல்ல என் கை ஹார்னுக்குப் போனது. சரோஜா தட்டிவிட்டாள்.

“ஏங்க, கையைக் காட்டுங்க லா. போதும்.”

ஒன்பது நாற்பதுக்குப் பதிந்தோம்.

மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன் முடிந்து கிளம்பினோம். ஈப்போ டவுனில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். வழக்கம்போல என் கழுத்து சுருங்கியது. சரோஜா ஒரு கண்ணில் கட்டோடு திரும்பிப் பார்த்தாள்.

“பக்கத்துல கோயில் ஏதும் இருக்கா?”

விளக்கு பச்சையாகியிருந்தது. வெளியே கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அடுத்த முனையில் பழைய சாலைக்குப் போகாமல் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினேன்.