திராட்சை வாசமடித்த கொழுந்து

என் வாழ்நாளிலேயே சிறந்த தேயிலையைத் தயாரித்துவிட்டேன் என்று ஒரு பெப்ரவரி காலையில் நம்பினேன். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபெக்டரியில் அப்போது நான் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாக வெளியே போகும்வரை பொறுப்பு என்னுடையது. பெப்ரவரி எங்களுக்குக் குவாலிட்டி சீசன். காய்ந்த காற்றும் குளிரும் சேர்ந்து தேயிலைக்குத் தனி மணம் ஏற்றும் மாதம்.

அன்று டேஸ்டிங் மேசையில் ஒரு கோப்பையை முகர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பழ வாசம்! திராட்சை மாதிரி. முந்தின நாள் கொழுந்து வாட்டும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தேன். ஆகவே இது என் கைவண்ணம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தோட்ட மனேஜரான தொரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், அவருக்குக் கடும் தடிமன். மூக்கைச் சிந்திக்கொண்டே, “டீமேக்கர் சொன்னா சரிதானே. கொழும்புக்கு சாம்பிள் அனுப்புங்க” என்றார்.

அதோடு விட்டேனா? மாடியில் கொழுந்து வாட்டும் சுதர்சனிடமும் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவனுக்கு வேலை நிரந்தரமாகிக் கொஞ்ச காலம்தான். அம்மா நோயில் விழுந்த பிறகு அவன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

“இந்த மணம் எங்கருந்து வருது தெரியுமாடா?”

அவன் முகம் வெளுத்தது. “தெரியாதுங்க ஐயா.” என் திறமையைக் கண்டு மிரண்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த மணம் இல்லை. நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ரோலரை மாற்றினேன், டிரையர்காரனைத் திட்டினேன். வெறும் தேயிலை வாசம்தான் வந்தது. சோறு இறங்காமல் அலைந்தேன்.

ஒரு மதியம் ஃபேனைப் பார்க்க மாடிக்கு ஏறினேன். கொழுந்தைப் பரப்பி வைக்கும் நீளமான தொட்டியை ட்ரஃப் என்போம். ஒரு முனையில் இருக்கும் பெரிய ஃபேன் காற்றை இழுத்துக் கொழுந்துக்கு அடியிலிருந்து மேலே தள்ளும். அந்த ஃபேனின் வாயருகே சுதர்சனும், நுவரெலியாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் அவன் கூட்டாளியும் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு ஷீஷா: கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், உச்சியில் பழ வாசமேற்றிய புகையிலையும் கரியும், கையில் குழாய். அவர்கள் ஊதிய புகையை ஃபேன் மிச்சமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

“சிகரெட் குடிக்கிறீங்களாடா?” என்று கத்தினேன்.

“ஐயோ, அந்தக் கருமத்த தொடுவோமாங்க!” சுதர்சன் உண்மையாகவே புண்பட்டுவிட்டான். “சிகரெட்டு நாறுங்க ஐயா. நெஞ்சையும் கெடுத்துரும். இது தண்ணியில கழுவித்தான் வருது. பழ வாசம் மட்டுந்தாங்க.”

“இப்ப வயசானவங்கதானே சிகரெட்டு குடிக்கிறாங்க” என்றான் கூட்டாளி, என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு. பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நான் வேளாவேளைக்குக் குடிப்பது தோட்டத்துக்கே தெரியும்.

“தண்ணியில கழுவினா புகை சுத்தமாயிருமா? அப்ப நானும் சிகரெட்ட வாளியில முக்கிட்டுக் குடிக்கிறேன்” என்று வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. திராட்சை!

“அன்னைக்கும் இங்கதான் ஊதுனீங்களா?”

“ஆமாங்க. பயந்துபோய் அதோட விட்டுட்டேன். ஆனா அந்த மணம் வரலன்னு நீங்க சாப்பிடாமக் கொள்ளாம அலைஞ்சீங்க. பாக்க முடியலங்க. அதான் திரும்பக் கொண்டாரச் சொன்னேன்.”

திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அதற்குள் தொரையின் அழைப்பு வந்துவிட்டது. சாம்பிளை ருசி பார்த்த கொழும்புக்காரர்கள், தேயிலைக்குள் பபிள்கம் போட்டது யார் என்று கேட்டார்களாம்.

தொரையிடம் நடந்ததைச் சொன்னோம். “ஃபெக்டரிக்குள்ள புகைச்சா வேல இல்ல” என்றார். சுதர்சன் அழத் தொடங்கினான்.

“கொழுந்துல புகையேத்தினது அவன்தான் சேர். அத குவாலிட்டின்னு கொழும்புக்கு அனுப்பினது நான். அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க” என்றேன்.

தொரை என் சட்டைப் பையைப் பார்த்தார். “உங்க மூக்கு எங்க போச்சுன்னு இப்ப விளங்குது. அவன் அத விடணும், நீங்க இத விடணும். யாரு திரும்பத் தொட்டாலும் ரெண்டு பேரும் வீட்டுக்கு.”

அன்று முதல் சுதர்சன் எனக்குக் காவல். கொட்டகைப் பக்கம் நான் திரும்பினாலே, “ஐயா, எங்கம்மாவுக்கு மருந்து வாங்கணும்” என்று பின்னாலிருந்து குரல் வரும். நானும் அவனைக் கண்காணித்தேன். ஒருநாள் அவனே வந்து சொன்னான்: “பழ வாசந்தானே, எப்ப வேணும்னாலும் விட்டுறலாம்னு நெனச்சேங்க. சும்மா இருக்கவே முடியலங்க ஐயா.” எனக்கும் அதே பாடுதான் என்றேன். இருவரும் நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சபித்தோம்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: மணக்கிற புகையோ நாறுகிற புகையோ, தேயிலை எதையும் கழுவாது, உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பும் அப்படித்தான். இது தெரிந்த தொழில்காரன் நான். கொழுந்துக்குப் பார்த்த பக்குவத்தை எனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் மூக்கு திரும்பியது. அது முதலில் பிடித்தது தேயிலை மணத்தை அல்ல. அலமாரியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். உள்ளே எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் எட்டிப் பார்த்து, என் பழைய கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“இதுதாங்க. கல்யாணம் கட்டுன நாள்லருந்து நான் இதோடதான் படுத்து எந்திரிக்கிறேன்.”