போர் பைப்பில் ஒரு சைலன்சர்

பெரியப்பாவின் வண்டியில் இரண்டே சீட்டு. ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று பெரியம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "தரையோட தரையா பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகுது, அதுல மனுசி உக்காருவாளா?" என்பது அவருடைய கட்சி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அடுத்த வீட்டிலிருந்த தம்பி மகளான நான், ஒன்பது வயதில், அந்தச் சீட்டுக்கு வாரிசானேன்.

பெரியப்பா அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். முதலாளி வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக் கிடந்த சீமைக் கார் அது. கூரை கிடையாது. ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பந்தயத்தில் ஓட்டியதாகப் பேச்சு. ஓய்வு பெறும் அன்று என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டாராம். மற்றவர்கள் கைக்கடிகாரம் கேட்கிற இடத்தில் பெரியப்பா அதைக் கேட்டுவிட்டார். இரண்டு வருஷம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓடவும் வைத்துவிட்டார்.

ஓடத் தொடங்கிய ஆறாம் மாதம் பாலவனத்தம் ரோட்டில் சைலன்சர் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு வண்டி கிளம்பினால் எங்கள் தெருக் கோழிகள் கூரையேறும். எதிர்வீட்டுக் கைப்பிள்ளை வீறிட்டு அழும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா முன்னதாகவே சர்ச்சுக்கு நடந்து போய்விடுவார். பெரியப்பாவும் நானும் எப்போதும் தாமதம். பிரசங்கத்தின் நடுவே எங்கள் சத்தம் கேட்டதும் போதகர் வேதாகமத்தில் விரலைச் செருகி மூடிக்கொண்டு, நாங்கள் வந்து வண்டியை நிறுத்தும்வரை கூரையைப் பார்த்தபடி நிற்பார். சபை மொத்தமும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்க்கும்.

பெரியப்பாவுக்கு மட்டும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. "அம்புட்டுச் சத்தமாவா கேக்குது?" என்பார், தெருக்கோடி வரை எட்டுகிற குரலில். மில்லில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். மிஷின் இரைச்சலில் பழகிய தொண்டை என்று அப்பா சொல்வார். நானும் தொண்டையைப் பற்றிய விஷயம் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெரியம்மா கெடு வைத்தார்.

"கிறிஸ்மஸுக்குள்ள சத்தத்த நிறுத்துங்க. இல்லையா, காரியாபட்டி பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன். தூக்கிட்டுப் போகட்டும்."

பெரியம்மா சொன்னால் செய்கிறவர். பெரியப்பா வைக்கிற சத்தம் தாங்காமல் வீட்டு ரேடியோவை அவர் அப்படித்தான் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து என் ஜெபத்தில் அம்மா அப்பாவுக்கு முன்னால் சைலன்சர் வந்தது.

மூன்று சனிக்கிழமை மதுரைக்கு அலைந்தோம். பழைய சாமான் கடைக்காரர்கள் வண்டியின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் கொடுத்த அம்பாசிடர் சைலன்சர் நீளமாக இருந்து தரையில் உரசியது. டிராக்டர் சைலன்சரை நெட்டுக்குத்தலாகத்தான் வைக்க முடியும். அதை வைத்தால் வண்டி செங்கல் சூளை மாதிரி இருக்கும் என்று பெரியப்பாவே வேண்டாமென்றார்.

வழி பிறந்தது எம்.ரெட்டியபட்டியில். அங்கே பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட்டு, முந்நூறு அடி போயும் புழுதிதான் வந்தது. மனம் வெறுத்து அவர் உருவிப் போட்ட இரும்புக் குழாயில் இரண்டடி வெட்டிக் கேட்டார் பெரியப்பா. "தண்ணிதான் வரல, சத்தத்தையாவது குடிக்கட்டும். கொண்டு போப்பா" என்றார் அவர். அந்தக் குழாய்க்குள் சன்னமான இன்னொரு குழாயைச் செருகி, அதில் நெடுக ஓட்டை போட்டு, இடைவெளியில் லேத்துப் பட்டறையில் விழும் இரும்புச் சுருளைத் திணித்து, இரண்டு பக்கமும் மூடி பற்றவைத்தார்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. "இதுக்கு மேல சத்தம் வந்தா எம் பேர மாத்திக்கிறேன்" என்றார் பெரியப்பா.

கெடு முடிகிற சனிக்கிழமை சாயங்காலம் தெருவே கூடிவிட்டது. பழைய இரும்புக்காரரும் வேனோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நான் கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பெரியப்பா சாவியைத் திருகினார்.

வண்டி முன்னைவிட மோசமாகக் கத்தியது. பின்குழாயிலிருந்து இரும்புச் சுருள்கள் சிதறிப் பறந்தன. கோழிகள் கூரையேறின. எதிர்வீட்டுப் பிள்ளை வீறிட்டது. எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பஞ்சு! பஞ்சு கணக்கா இருக்கு பாத்தீகளா?"

பெரியம்மா வண்டியின் பின்பக்கம் நின்றிருந்தார். அழுகிற எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார்.

"என்னங்க" என்றார். பெரியப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னங்க" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார். எனக்கே தூக்கிப்போட்டது. பெரியப்பா திரும்பவில்லை.

பெரியம்மா சுற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"சத்தமே இல்லங்க."

இரும்புக்காரரிடம் போய், "நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றார். நான் பொறுக்க முடியாமல், "பெரியம்மா பொய் சொல்றாக!" என்று கத்தினேன். பெரியப்பா என் கன்னத்தைத் தட்டி, "ஆமா தாயி, நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

வண்டி தப்பித்தது. ஆனால் மறுநாள் காலை நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனால், என் சீட்டில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தார். ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பெரியப்பாவைக் கிளப்பிவிட்டார். சர்ச் வாசலில் போதகர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சத்தமே இல்லையே!" என்றாராம். எங்களுக்குப் பத்துக் கட்டளையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து வண்டி எங்கே கிளம்பினாலும் பெரியம்மா முதலில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் அழுதும் பார்த்தேன், அவர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரே ஒரு தடவை, திருச்சுழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, என்னையும் மடியில் உட்கார வைத்துக்கொண்டார். வழியில் பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. பெரியம்மா கையை நீட்டிப் பெரியப்பாவின் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். கண்மாய்க்கரை வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஒரு தட்டு. வண்டி மெதுவானது. திருச்சுழி போய்ச் சேரும்வரை பெரியம்மாவின் கை பெரியப்பாவின் கையை விட்டு அகலவே இல்லை.

வயசான காலத்தில் நடுரோட்டில் இப்படியா கொஞ்சுவது என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இதற்காகத்தான் என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாரா என்று பெரியம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.