பெண்கள் பக்கத்துச் சவுக்குத் தடுப்பு

இன்று அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். நேற்றைய கபடிப் போட்டியை நடத்திய கமிட்டிக்காரர் முன்சீட்டில் இருந்தார்.

"பொம்பளைகளைச் சுத்திச் சவுக்குக் கட்டை கட்டுனோம்ண்ணே. இல்லேன்னா எம்புட்டுப் பேரு மிதிபட்டிருப்பாக?" என்றார் பக்கத்து ஆளிடம்.

நேற்று மைக் செட் ஒயர் தீப்பிடித்ததும் ஆண்கள் தங்கள் பக்கத் தடுப்பைத் தாண்டி ஓடிவிட்டார்கள். சேலை கட்டிய எங்களால் தாண்ட முடியவில்லை. ஆண்கள் நுழையக்கூடாதென்று எங்கள் ஒரே வழியையும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்த நெரிசலில்தான் அக்காவின் கால் முறிந்தது.

அவர் திரும்பி, "நீயும் வந்திருந்தியா தாயி?" என்றார். ஆமென்று தலையாட்டினேன்.

"அடுத்த வருசம் இன்னும் ஒசரமாக் கட்டிருவோம். பயப்படாம வா."

சேலையோடு தாண்டிக் குதிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அதற்குள் எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.